பொறையாறு வாசல் கிராதியும் உப்புத் துருவும்

பழுது பார்த்து பெயின்ட் அடித்த எங்கள் வாசல் கிராதி இரண்டாவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் தாண்டிவிட்டது. மழை விட்ட கையோடு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிராதியின் ஒவ்வொரு காலையும் அடியில் குத்திப் பார்த்தேன். எங்கும் பெயின்ட் உப்பவில்லை, செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்த கோடும் இல்லை. சரி, இனி இதை எழுதலாம்.

வீடு பொறையாறு பக்கம். கிழக்கே தரங்கம்பாடி கடல், மிஞ்சிப்போனால் மூன்று கிலோமீட்டர். வாசலில் தெருவை ஒட்டி 32 அடி நீளத்துக்கு இரும்புக் கிராதி, உயரம் மூன்றரை அடி. ஐந்து தூண்கள், அவற்றுக்கிடையில் நான்கு தட்டி. தட்டிக்குப் பதினெட்டு கம்பி, ஒவ்வொரு கம்பியின் தலையிலும் ஒரு வேல்முனை. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. தட்டிக்கு மூன்று கம்பிகள் மட்டும் கீழ்ப்பட்டையைத் தாண்டி இறங்கிக் கருங்கல்லில் ஊன்றியிருக்கும். இந்தப் பன்னிரண்டு கால்கள்தான் இந்த வேலையின் மொத்தத் தலைவலியும்.

தாத்தா வீட்டை வாங்கியபோதே கிராதி இருந்ததாம். எவ்வளவு பழசு என்பதற்கு அதற்கு மேல் கணக்கில்லை. தெருவில் ஒரு பெரியவர், "இது பரங்கிப்பேட்டை இரும்புடா தம்பி" என்று அடித்துச் சொல்வார். ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியதும், சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து உருக்கியதும் வரலாறு. அதற்காக எங்கள் வாசல் கிராதியும் அங்கே பிறந்தது என்று சொல்லிவிட முடியாது. பெயின்ட்டை முழுக்க உரித்த பிறகு தூண் தூணாகத் தேடினேன், ஒரு முத்திரைகூட இல்லை. பெரியவரிடம் அதைச் சொல்லவில்லை.

காயலாங்கடைக்காரர் கிலோ 32 ரூபாய் போட்டு, எல்லாம் சேர்ந்து 12,000 வரும் என்றார். புதிதாக ஸ்கொயர் பைப்பில் செய்துகொடுக்க சதுர அடிக்கு 320 கேட்டார்கள், அது 36,000-ஐத் தொடும். வெல்டர் அண்ணனும் முதலில், "எடைக்குப் போட்டுட்டு புதுசு வச்சிடலாமே தம்பி" என்றுதான் சொன்னார். கட்டிங் மிஷினை ஒரு கம்பியில் லேசாகத் தொட்டுக் காட்டியபிறகுதான் வாய் மூடினார். மைல்டு ஸ்டீல் (இப்போது கடையில் கிடைக்கும் சாதாரண இரும்பு) என்றால் பொறி நீளமாக வெள்ளையாகப் பறந்து நுனியில் கிளை விடும். இதில் பொறி மங்கலான மஞ்சளில் நீண்டு, கிளைக்காமலே அணைந்தது. உடைந்து கிடந்த ஒரு துண்டை வளைத்துப் பார்த்தால் முறிந்த இடம் நார் நாராகப் பிரிந்தது. தேனிரும்பு, அதாவது அடித்து வடித்த பழங்கால இரும்பு. வேல்முனையிலும் தூணிலும் குட்டையான சிவப்புப் பொறி, அது வார்ப்பிரும்பு, உருக்கி அச்சில் ஊற்றியது. தேனிரும்பை எந்த வெல்டரும் ஒட்டிவிடலாம், வார்ப்பிரும்பை முறையறியாமல் தொட்டால் விரிசல் விடும். எது எது என்று முதலிலேயே சாக்பீஸால் குறித்துவைத்தோம்.

தை முடிந்து வேலையை ஆரம்பித்தேன். மேலே பெயின்ட் தோல் தோலாக இருந்தது. ஒரு மூலையில் பிளேடால் சாய்த்துச் சீவிப் பார்த்ததில் நீலம், அதற்கடியில் சில்வர், அதற்கும் அடியில் கரும்பச்சை, கடைசியில் இரும்பை ஒட்டிச் செந்தூர நிறம். அந்தக் கடைசிச் சிவப்பு ஈயச் செந்தூரமாக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பூச்சு என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது நல்லது. அதனால் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டிக் காய்ந்த பெயின்ட்டைப் பறக்கவிடவும் இல்லை, ப்ளோ லாம்ப்பால் பொசுக்கவும் இல்லை. ஜெல் போன்ற பெயின்ட் ரிமூவரைத் தடவி, ஊறவிட்டு, ஈரத்தோடு ஈரமாகப் பட்டி பிளேடால் வழித்தோம். கீழே தார்ப்பாய். வழித்த செதிலையெல்லாம் சாக்கில் கட்டித் தனியாக வைத்தாகிவிட்டது. அக்கா பிள்ளைகளை வாசல் பக்கமே விடவில்லை, மாட்டையும் கொல்லைக்கு மாற்றிக் கட்டினோம். என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு வெயிலில் வேலை செய்வது சுகமில்லைதான், ஆனால் இதில் சலுகை கிடையாது.

தட்டிகளைத் தூணோடு இணைத்திருந்த போல்ட்டுகள் ஒன்றுகூடக் கழலவில்லை. டீசலும் கிரீஸும் தடவி இரண்டு இரவு விட்டும் பயனில்லை. கடைசியில் தலையை வெட்டி, உளியால் தட்டி வெளியே தள்ளினோம். கால்கள் கல்லில் இறங்கும் இடத்தில் முன்னொரு காலத்தில் யாரோ சிமெண்டைக் குமிழ்போல் உருட்டி வைத்திருந்தார்கள். பலத்துக்கு என்று நினைத்திருப்பார்கள். அதை உடைத்தபோது விஷயம் தெரிந்தது. சிமெண்டுக்கும் கம்பிக்கும் நடுவில் நூலளவு இடைவெளி, அதில் வருஷக்கணக்காக மழைத்தண்ணீர் நின்றிருக்கிறது. வெர்னியர் வைத்து அளந்தேன். மேலே 19 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். சிமெண்டுக்குள் ஒன்று 14, ஒன்று 11, ஒன்று கையோடு வந்துவிட்டது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த உப்பலில் இரண்டு இடத்தில் கருங்கல்லே வெடித்திருந்தது. சிமெண்டுக்கும் கீழே, ஆதியில் ஊற்றிய ஈயம் இன்னும் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஈயம் ஊற்றியவருக்கு வேலை தெரிந்திருக்கிறது.

வேல்முனைகளைத் தனியாகக் கழற்ற முடிந்தது. அவையும் ஈயத்தில்தான் நின்றன. குழைந்த இலை வேலைப்பாடு இருந்ததால் பிரஷ் உள்ளே போகாது என்று எலக்ட்ராலிசிஸில், அதாவது சோடாத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுக்கும் முறையில் போட்டேன். நீல நிற 200 லிட்டர் டிரம், தண்ணீர், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சலவை சோடா. வேல்முனைகளைக் கம்பியில் கோத்து நடுவில் தொங்கவிட்டுப் பேட்டரி சார்ஜரின் நெகடிவ், சுற்றி நிறுத்திய பழைய கான்கிரீட் கம்பிகளுக்குப் பாசிடிவ். இதைத் திருப்பிக் கொடுத்தால் வேல்முனைதான் கரையும். 12 வோல்ட், ராத்திரி முழுக்க. ஹைட்ரஜன் குமிழி வரும் என்பதால் டிரம் திறந்த வெளியில், மூடியில்லாமல் இருக்க வேண்டும். மின்சாரம் நன்றாகப் பாயட்டும் என்று சமையல் உப்பைப் போடச் சொல்பவர்கள் உண்டு, போடாதீர்கள், குளோரின் வரும். பாசிடிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வேண்டாம், அதிலுள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். காலையில் எடுத்தபோது துரு கறுப்பு மாவாக மாறியிருந்தது, நைலான் பிரஷுக்கே போய்விட்டது.

கம்பிகள் டிரம்மில் அடங்காது. அவற்றுக்குக் கிரைண்டரில் கப் பிரஷ், கிண்ணம் போன்ற கம்பி பிரஷ். பெயின்ட் போய்விட்டதால் இப்போது பயமில்லை. நன்றாகப் பளபளத்தன. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். அது மாசி. முதல் நாள் தேய்த்ததை வெளியே விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் பனியில் ஊறி ஆரஞ்சு நிறத்தில் நின்றது. மறுபடி தேய்த்து, அன்றே மூன்று மணிக்குள் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். வேல்முனைகளுக்கும் அதே டப்பா, அதே பிரஷ்.

பங்குனி முடிவதற்குள் கம்பிகளில் பிரைமரைத் துளைத்துக்கொண்டு குண்டூசித் தலையளவில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. காலையில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு துளி ஈரம். சுரண்டினால் அடியில் கறுப்புக் குழி. கடைக்காரரைத் திட்டத் தோன்றியது, பிரைமர் போலி என்று. ஆனால் வேல்முனைகள் ஒன்றிலும் புள்ளி இல்லை. ஒரே டப்பா பிரைமர், ஒரே வெயில், ஒரே கை. வித்தியாசம் டிரம் மட்டுந்தான்.

பக்கத்து வீட்டு வாத்தியார் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு புள்ளியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "உப்புடா. நீ துருவை எடுக்கல, துருவுக்கு பாலிஷ் போட்டிருக்கே" என்றார். கப் பிரஷ் மேட்டையெல்லாம் மினுக்கிவிடும், குழிக்குள் போகாது. குழியின் அடியில் கடற்காற்று கொண்டுவந்த உப்பின் குளோரைடு தங்கிவிடும். அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும், மேலே எந்தப் பூச்சு இருந்தாலும் அடியில் வேலையைத் தொடரும். எலக்ட்ராலிசிஸில் இந்தக் குளோரைடு மின்னோட்டத்தோடு வெளியே இழுக்கப்பட்டுவிடுகிறது, அதனால்தான் வேல்முனை தப்பித்தது.

அவரிடம் சில்வர் நைட்ரேட் கரைசல் கொஞ்சம் இருந்தது. ஒரு கம்பியைச் சுரண்டி, சுத்தமான தண்ணீரில் நனைத்த பஞ்சைக் குழிகளின் மேல் சுற்றிவைத்து, பிறகு பிழிந்து டெஸ்ட் டியூபில் விட்டார். முதலில் இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், சோடாவோ காரமோ இருந்து ஏமாற்றாமல் இருக்க. பிறகு சில்வர் நைட்ரேட். பாலாகத் திரண்டது, உப்பு இருக்கிறது என்று அர்த்தம். "இப்ப உன் போர் தண்ணியைக் கொண்டா" என்றார். அது கம்பி கழுவிய தண்ணீரைவிடக் கெட்டியாகத் திரண்டது. மாசி முழுக்க நான் கம்பியைக் கழுவியது அந்த போர் தண்ணீரில்தான். (சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கறுக்கும், அவர் விரல் பல நாள் அப்படியே இருந்தது.)

ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12-க்குத்தான் திறப்பார்கள். சித்திரையில் வாய்க்காலில் ஏது தண்ணீர்? இருபது லிட்டர் கேன் தண்ணீரை வரவழைத்தேன். கிராதிக்கு மினரல் வாட்டர் என்று தெருவே சிரித்தது. பிரைமரை மறுபடி ரிமூவர் போட்டு எடுத்து, குழிகளை ஒவ்வொன்றாகக் கூரான உளியால் தட்டிக் கருந்துருவை உதிர்த்து, கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து மேலிருந்து ஊற்றி நைலான் பிரஷால் தேய்த்தோம். கழுவி, காயவைத்து, ராத்திரிக் காற்றில் விட்டால் உப்பு இருக்கும் குழி மட்டும் காலையில் தானாகவே காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் மீண்டும் உளி, மீண்டும் கொதிநீர். டெஸ்ட் டியூபில் மேகம்போல் ஒரு மங்கல் மட்டும் தெரியும்வரை இதேதான். அறவே தெளியவில்லை, அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

வெல்டிங் சீக்கிரம் முடிந்தது. ஏழு கால்களை நல்ல இரும்பு வரும் இடத்தில் சாய்வாக வெட்டி, புதுத் துண்டு வைத்து ஒட்டினார் அண்ணன். கடையில் 20 மில்லிமீட்டர் ராடுதான் கிடைக்கும், பழையது 19. ஒட்டிய பிறகு கிரைண்டரில் மாட்டித் தேய்க்கும் ஃப்ளாப் டிஸ்கால் சரித்துவிட்டால் விரலுக்குக்கூடத் தட்டாது. "காலுக்கு மட்டும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டுடுவோம், துருவே பிடிக்காது" என்றார். உப்பு ஈரத்தில் எஸ்.எஸ்ஸும் இரும்பும் தொட்டுக்கொண்டு நின்றால் எஸ்.எஸ். நன்றாக இருக்கும், அதை ஒட்டிய பழைய இரும்பு அரிக்கும். வேண்டாம் என்றேன்.

ஒன்பது வேல்முனை காணாமல் போயிருந்தது. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர்கள் பித்தளையில் அச்சாக ஊற்றிக் கொடுப்பார்கள் என்று அம்மா சொன்னாள். கொடுப்பார்கள், அழகாகவும் இருக்கும், ஆனால் அதே கதைதான், பித்தளை பிழைக்கும், இரும்பு தேயும். திருச்சியில் ஒரு வார்ப்புப் பட்டறையில் பழைய முனை ஒன்றையே மாதிரியாகக் கொடுத்து வார்ப்பிரும்பில் ஊற்றவைத்தேன். பன்னிரண்டுக்குக் குறைந்தால் அச்சு போடமாட்டோம் என்றார்கள், மூன்று மிச்சம் இருக்கிறது. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும். 150 மில்லிமீட்டர் முனை 148.5-ஆக வந்தது, கண்ணுக்குத் தெரியாது. துளையும் சுருங்கியதால் அரத்தால் அகலப்படுத்த வேண்டியிருந்தது. ஈயத்துக்குப் பதில் எபாக்சி பசை, குறுக்கே ஒரு சின்ன பின்.

தூண் ஒன்றில் அடியிலிருந்து மேலே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தூண் உள்ளே பொள்ளல், தலைக் குமிழின் இடுக்கு வழியாக மழை இறங்கி அடியில் தேங்கிய வேலை அது. விரிசலின் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வி வடிவில் பள்ளம் தோண்டி, தூணைச் சூடேற்றி, நிக்கல் வெல்டிங் ராடால் ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக வைத்தார் வெல்டர் அண்ணன். வைத்ததும் சுத்தியலால் மெல்லத் தட்டுவார், கொஞ்சம் ஆறவிட்டு அடுத்த அங்குலம். முடிந்ததும் தூணை மெதுவாக ஆறவைக்க வேண்டும், காற்றுப் பட்டால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். இதற்கு நம் ஊரில் சல்லிக்காசு செலவில்லாத பொருள் இருக்கிறது: ரைஸ் மில் உமிச்சாம்பல். நான்கு சாக்கு கொட்டி அதில் தூணைப் புதைத்தோம். மறுநாள் காலையில் தோண்டும்போதும் சூடு இருந்தது. விரிசல் இல்லை. எல்லாத் தூண்களின் அடியிலும் 8 மில்லிமீட்டரில் ஒரு வடிதுளை போட்டேன், தலைக் குமிழ்களை சீலண்ட் வைத்து அடைத்தேன்.

கால்களைக் கல்லில் நிறுத்தும்போது மறுபடி ஈயம் உருக்க எனக்குத் துணிவில்லை. எபாக்சி கிரவுட் (ஊற்றினால் இறுகும் கலவை) ஊற்றி, கல் மட்டத்துக்கு மேல் அரை அங்குலம் எழுப்பி, சுற்றிலும் வெளிப்பக்கமாகச் சரித்துவிட்டேன். கம்பியும் கிரவுட்டும் சேரும் கோட்டில் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்ட். கல்லில் ஊற்றும் தண்ணீர் கம்பியை நோக்கி வராமல் விலகி ஓடுகிறதா என்று சொம்புத் தண்ணீர் விட்டுப் பார்த்துத்தான் அடுத்த காலுக்குப் போனோம்.

பெயின்ட் அடித்தது வைகாசியில். பனித் தொல்லை இல்லை, ஆனால் நடுப்பகலுக்குப் பிறகு கடற்காற்று திரும்பிவிடும், அதில் உப்பு. ஆகவே காலை எட்டரைக்குத் தொடங்கி அது திரும்புவதற்குள் முடிப்பது. அடிக்கும் முன் ஒவ்வொரு முறையும் கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த பிறகுதான் பிரஷ். ரெட் ஆக்சைடை விட்டுவிட்டு, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். கலந்தால் சில மணி நேரத்தில் இறுகிவிடும், அதனால் அரை லிட்டருக்கு மேல் ஒரு தடவையில் கலக்கக் கூடாது. முதலில் பட்டையின் விளிம்பு, கம்பி துளையில் நுழையும் இடம், வெல்டிங் தழும்பு, வேல்முனைக் கழுத்து, இவற்றுக்கு மட்டும் சின்ன பிரஷால் ஒரு கை. விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெலிந்துதான் நிற்கும், துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். அதன்பிறகு முழுக்க இரண்டு கை பிரைமர். எபாக்சி வெயிலில் வெளிறி மாவாகும் என்பதால் மேலே பி.யூ. எனாமல் இரண்டு கை. நிறம், சீவிப் பார்த்தபோது தெரிந்த அந்தக் கரும்பச்சை. அம்மாவுக்கு சில்வர்தான் வேண்டும், அந்த வழக்கு இன்னும் நடக்கிறது.

செலவு: வெல்டர் கூலி 6,000, கையாள் கூலி 4,800, வேல்முனை வார்ப்பு 2,640, எபாக்சி பிரைமர் 2,300, டிஸ்க், பிரஷ், ரிமூவர் வகையறா 2,100, பி.யூ. 1,900, கேன் தண்ணீர் 1,400, நிக்கல் ராடு 700, வீணாய்ப்போன ரெட் ஆக்சைடும் தின்னரும் 1,150. மொத்தம் 22,990. கிரவுட்டும் சீலண்ட்டும் வேறொரு வேலையில் மிஞ்சியவை, கணக்கில் வரவில்லை. கடையில் வாங்கினால் இன்னும் இரண்டாயிரம் ஏறலாம்.

மறுபடி செய்தால் கம்பிகளைக் கையால் தேய்க்கவே மாட்டேன். தட்டிகளைக் கழற்றியதும் துகள்களை அழுத்தக் காற்றில் பீய்ச்சித் துருவை எடுக்கும் ஒரு ப்ளாஸ்டிங் பட்டறைக்கு அனுப்பிவிடுவேன். குழிக்குள் போகக்கூடியது அதுதான், உளியோடு உட்கார்ந்த வாரங்கள் மிச்சமாகும். அதோடு பெரிய டிரம்முக்குப் பதில் பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து தொட்டியாக்கினால் கம்பிகளையும் எலக்ட்ராலிசிஸில் போடலாம் என்று வாத்தியார் சொல்கிறார், அது நல்ல யோசனை. சில்வர் நைட்ரேட் சோதனையை முதல் நாளே, தண்ணீருக்குத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

இப்போதைய பராமரிப்பு இவ்வளவுதான்: பங்குனியில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் மழைநீர்த் தொட்டித் தண்ணீரால் உப்பு போகக் கழுவுகிறேன், வடிதுளைகளில் ஒரு கம்பியை விட்டுக் குத்தி எறும்புப் புற்றை எடுக்கிறேன். சைக்கிள் சாய்த்து உரசிய ஓர் இடத்தில் மட்டும் பிரைமர்வரை சிராய்ந்திருக்கிறது, தை பிறந்ததும் அதைத் தொட வேண்டும். வாசல் கேட்டின் கீல் அடுத்தது. அதுவும் தேனிரும்புதான், முளை தேய்ந்து கேட் ஒரு அங்குலம் தொங்குகிறது.